ஒன்றரை கழித்து

ஜூன் 12, புதன்

மருந்துக் கம்பெனி ஆள் இன்று டைரி கொடுத்தார். ஜனவரியில் கொடுக்க வேண்டியதை ஜூனில் கொண்டுவந்து நீட்டிவிட்டு, அதற்கு ஒரு சிரிப்பு வேறு. வீட்டுக்கு வந்து பிரித்தால் பக்கத்துக்குப் பக்கம் கோடு கோணல். ஓரத்தில் நேராகத்தான் தொடங்குகிறது. நடுவில் வந்ததும் குழிந்து, பிறகு ஒன்றும் நடக்காததுபோல் நேராகிவிடுகிறது. ஓசியில் கொடுப்பதை எவன் சரிபார்த்து அச்சடிப்பான்.

இவரிடம் காட்டினேன். "கோடு நேராத்தான் இருக்கு. உன் வாய்தான் கோணல்" என்றார். முப்பது வருஷம் ஈ.பி.யில் கம்பி இழுத்தவர் என் கணவர் இன்னாசி. கம்பி தொங்கினாலும் நேர் என்றுதான் சொல்வார்.

சும்மா கிடக்கிறதே என்று எழுதுகிறேன். நான் அமலோற்பவம், வயது நாற்பத்தாறு. கண் ஆஸ்பத்திரியில் பவர் பார்க்கிறவள். இருபத்துநாலு வருஷம். ஊர்க்காரர்கள் டாக்டரம்மா என்பார்கள், நான் திருத்தியதில்லை.

ஜூன் 20, வியாழன்

வருஷாந்திர ஸ்டாஃப் செக்கப். ஜூனியர் பானு எழுத்து அட்டைக்குப் பக்கத்தில் நின்று குச்சியால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டாள். நான் இரண்டு கண்ணாலும் கடைசி வரி வரை சொன்னேன். "அக்காவுக்கு கழுகுக் கண்ணு" என்று எழுதிக்கொண்டாள்.

எனக்கு இடது கண் பிறந்ததிலிருந்தே சோம்பல், பேருக்குத்தான் பார்வை. ஆஸ்பத்திரியில் யாருக்கும் தெரியாது. இருபத்துநாலு வருஷமாக ஒரு நாளைக்கு அறுபது தடவை காதில் விழுகிற எழுத்துகள், மனப்பாடம் ஆகாமல் என்ன செய்யும். ஒரு கண்தான் என்றாலும் அந்த ஒன்று போதும்.

ஜூன் 27, வியாழன்

சோற்றில் கல். இவர் தட்டோரத்தில் மூன்று கல்லை வரிசையாக வைத்துக் காட்டினார். ரேஷன் அரிசி என்றேன். கடை அரிசி என்றார். சரி, நாளைக்கு நீங்களே பொறுக்குங்கள் என்றேன்.

ஜூலை 4, வியாழன்

மேட்டுக்காளம்பட்டி அரசுப் பள்ளியில் கேம்ப். நூற்று அறுபத்திரண்டு பிள்ளைகள். நானும் பானுவும் மட்டும். ஷர்மிளா பானு, படிப்பை முடித்துவிட்டு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது.

அறையை இருட்டாக்க ஜன்னலில் சாக்கைக் கட்டினார்கள். வெக்கை தாங்கவில்லை. பிள்ளைகள் ஒவ்வொருத்தராக வந்து உட்கார்ந்து, ஏதோ ஊசி போடப்போகிறேன் என்பதுபோல் பார்க்கின்றன. ஊசியெல்லாம் இல்லை, சும்மா விளக்குத்தான் என்று காலையிலிருந்து மாலை வரை சொன்னேன்.

வேலை இவ்வளவுதான். கையில் டார்ச் மாதிரி ஒரு ஸ்கோப். அதன் கீற்றை எதிரே இருப்பவர் கண்ணுக்குள் அடித்தால் கண்மணிக்குள் ஒரு செம்பு நிற வெளிச்சம் தெரியும். கீற்றை அசைத்தால் அதுவும் அசையும். முன்னால் ஒவ்வொரு லென்ஸாக மாற்றிப் போட்டுக்கொண்டே போக, ஒரு லென்ஸில் அசைவு நின்றுவிடும். அந்த எண்ணை எடுத்து, அதிலிருந்து ஒன்றரையைக் கழித்தால் பவர். ஏன் ஒன்றரை என்று கேம்புக்கு வந்த கணக்கு டீச்சர் கேட்டார். நான் உட்கார்ந்திருக்கிற தூரத்துக்கு அது கூலி என்றேன். கை நீட்டினால் எட்டுகிற தூரம், அதற்கு ஒன்றரை.

அந்த டீச்சருக்கு இன்னும் விளக்கம் வேண்டியிருந்தது. ஒளி ஏன் வளைகிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள் என்றார். ரோட்டில் போகிற தள்ளுவண்டி சாய்வாக மணலில் இறங்கினால் என்ன ஆகும் என்று கேட்டேன். முதலில் இறங்கின சக்கரம் மெதுவாகும், மற்றது வேகமாக வரும், வண்டி திரும்பிவிடும். காற்றிலிருந்து கண்ணாடிக்குள் இறங்குகிற ஒளியும் அதைத்தான் செய்கிறது. கண்ணுக்குள் போகிற வெளிச்சம் முன்னாலேயே குவிந்துவிட்டால் மைனஸ் கண்ணாடி போட்டுக் கொஞ்சம் விரித்துப் பின்னால் தள்ளுகிறோம். பிள்ளைகள் கை தட்டின. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஸ்கோப்பில் பாட்டரி வீக். வெளிச்சம் தேடிக் கிட்டே போக வேண்டியிருந்தது. பானு பயிற்சிக் காலத்துப் பழக்கத்தை விடாமல் தன் ஸ்கோப்பில் ஒரு நூல் கட்டி வைத்திருக்கிறாள். நூல் விறைப்பாக இருந்தால் தூரம் சரி என்று கணக்கு.

"அக்கா, ரொம்ப கிட்டப் போறீங்க" என்றாள்.

"நீ உன் நூலைப் பாரு. எனக்குக் கையே நூல்" என்றேன்.

நாற்பத்தொரு பேருக்குக் கண்ணாடி எழுதினேன். மற்ற பிள்ளைகளில் முக்கால்வாசிக்குக் கழித்த பிறகும் பிளஸ் ஒன்றரை காட்டியது. சின்ன வயதில் கொஞ்சம் பிளஸ் இருக்கும், அதற்குக் கண்ணாடி வேண்டாம், ஆனால் ஊர் மொத்தத்துக்குமா என்று தோன்றியது. நல்ல தண்ணீர் போலிருக்கிறது.

எட்டாம் வகுப்பில் ஒரு பெண், பவதாரணி. நெட்டையாக இருப்பதால் கடைசி பெஞ்சு. போர்டு தெரியாமல் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்தே ஏழு வருஷம் ஓட்டியிருக்கிறாள். இரண்டு கண்ணுக்கும் மைனஸ் மூன்று வந்தது. லென்ஸைப் போட்டு அட்டையைக் காட்டினேன். நாலாவது வரியில் நின்றுவிட்டாள்.

"இன்னும் மங்கலா இருக்கு மிஸ்."

"போடப் போடப் பழகிரும்" என்றேன். பிள்ளைகள் கேட்கிறபடி மைனஸை ஏற்றிக்கொண்டே போனால் அதற்கு முடிவே இல்லை. வாய் எதையாவது சொல்லும், ஸ்கோப் பொய் சொல்லாது.

ஜூலை 24, புதன்

கேம்ப் கண்ணாடிகள் வந்து பள்ளிக்கூடத்துக்குப் போயாயிற்று. போட்டோ அனுப்பியிருந்தார்கள். நாற்பத்தொரு பிள்ளைகளும் கண்ணாடியோடு வரிசையாக நிற்கின்றன. முகங்கள் தெளிவாக விழவில்லை. இப்போதெல்லாம் போனில் எடுக்கிற போட்டோ அப்படித்தான்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

நிலக்கோட்டை பஸ்ஸில் ஏறிவிட்டேன். நான் போக வேண்டியது நத்தம். கண்டக்டர் சிரித்தான். போர்டைச் சின்னதாக எழுதி வைத்தால் யாருக்குத்தான் தெரியும்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

அந்த நெட்டைப் பெண் வந்தாள். கூட அவள் அப்பா வீரமலை. மல்லித் தோட்டம் வைத்திருக்கிறார். கசங்கிய வெள்ளைச் சட்டை, கையில் துண்டு. வந்ததும் கண்ணாடிப் பெட்டியை மேஜைமேல் வைத்தார்.

"டாக்டரம்மா, இது வேலைக்காகல. போட்டும் போர்டு தெரியலங்குறா. டீச்சர் கூப்புட்டுக் கேக்குறாங்க. வீட்டுல வந்து பாருங்க, விடியக்கால அரை வெளிச்சத்துல மொட்டு ஒண்ணு விடாமப் பறிக்கிறா. பூ தொடுத்தா நூலுக்கு நூல் கணக்கா இருக்கு. இவுகம்மா தலையில பேன் பாக்குறா. போர்டு மட்டும் தெரியலையாம். என்ன கத இது?"

அந்தக் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். மைனஸ் கண்ணுக்குக் கிட்டத்தில் உள்ளது அருமையாகத் தெரியும், எட்டத்தில் உள்ளதுதான் தெரியாது. எந்தக் கத்துக்குட்டியும் சொல்லும். வெளியே நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அப்புறம் சொல்லலாம் என்று ஸ்கோப்பை எடுத்தேன்.

மறுபடியும் பார்த்தேன். மைனஸ் மூன்று. இம்மி பிசகவில்லை. அதே லென்ஸைப் போட்டு அட்டையைக் காட்டினால் அதே நாலாவது வரியில் நிற்கிறாள். கண்ணீர் வேறு.

இப்படி வருகிறவர்களுக்கு எங்களிடம் ஒரு வழி உண்டு. பவரே இல்லாத வெறும் கண்ணாடியை எடுத்து, இது ரொம்ப சக்தியான லென்ஸ் என்று சொல்லிப் போட வேண்டும். உண்மையாகவே தெரியாதவர்கள் வித்தியாசம் இல்லை என்பார்கள். நடிக்கிறவர்கள், ஆமாம் தெரிகிறது என்பார்கள். போட்டிருந்த லென்ஸுக்கு மேலேயே அதையும் வைத்தேன். "இது வெளியூர்லேர்ந்து வந்த லென்ஸ். இதுலயும் தெரியலேன்னா அவ்வளவுதான். நல்லாப் பாத்துச் சொல்லு."

அவள் அட்டையைப் பார்க்கவில்லை. திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவர் துண்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். பிறகு அவள் அட்டைப் பக்கம் திரும்பி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, இன்னும் இரண்டு வரி படித்தாள்.

"தெரியுது மிஸ்" என்றாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நாற்பது பேர் வெளியே காத்திருக்க இவளோடு அரைமணி நேரம். லென்ஸைக் கழற்றி வீரமலையின் கையில் கொடுத்தேன். "இது வெறும் கண்ணாடி, தொட்டுப் பாருங்க. இதுல தெரியுதுன்னா என்ன அர்த்தம்?" அவர் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "புரியுதும்மா" என்றார். கார்டில் எழுதினேன்: கண்ணாடி சரி. நடிப்பு.

போகும்போது அவள் கண்ணாடிப் பெட்டியை எடுக்கப் போனாள். அவர் அதை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஆகஸ்ட் 15, வியாழன்

மாதா விண்ணேற்புத் திருநாள். பாட்டுப் பூசை, சுதந்திர தினக் கொடியேற்றம், எல்லாம் ஒரே நாளில். பீடத்தில் சாமியார் நிற்கிறார், அங்கி தெரிகிறது, விரித்த கைகள் தெரிகின்றன, முகம் இருக்கிற இடத்தில் மட்டும் தண்ணீர் கொட்டின மாதிரி ஒரு கறை. சாம்பிராணி அதிகம் போட்டுவிட்டார்கள். பக்கத்தில் இருந்த யாருக்கும் இருமல்கூட வரவில்லை.

செப்டம்பர் 3, செவ்வாய்

என் அறைச் சுவரில் ஒரு கட்டம்போட்ட அட்டை தொங்குகிறது. நோயாளி ஒரு கண்ணை மூடிக்கொண்டு நடுப்புள்ளியைப் பார்க்க வேண்டும். சுற்றியிருக்கிற கோடுகள் வளைந்தோ மறைந்தோ தெரிந்தால் விழித்திரையில் கோளாறு, அன்றைக்கே டாக்டரிடம் அனுப்ப வேண்டும். நான் எத்தனையோ பேரை அனுப்பியிருக்கிறேன். சில பேர் பயந்து இரண்டு மாதம் கழித்து வருவார்கள், வாயில் வந்தபடி திட்டியிருக்கிறேன்.

அட்டையில் தூசி. கழற்றி டிராயரில் வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 10, செவ்வாய்

சாம்பாரில் உப்பு இரண்டு தடவை. இவர் ஒன்றும் சொல்லாமல் மோர் ஊற்றிச் சாப்பிட்டார். சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

செப்டம்பர் 19, வியாழன்

மூன்று வயதுக் குழந்தை ஒன்று. வாய் திறந்து எதுவும் சொல்லாது, ஸ்கோப் ஒன்றுதான் கதி. நான் பார்த்தேன், மைனஸ் இரண்டு. குழந்தை அழுததால் பானு வாங்கி மடியில் வைத்துச் சமாதானம் பண்ணி, தானும் ஒரு தடவை பார்த்தாள். மைனஸ் மூன்றரை என்றாள். உனக்குத் தப்பு என்றேன். மறுபடி பார்த்தாள். மூன்றரை.

குழந்தையை அனுப்பிவிட்டு கதவைச் சாத்தினாள். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. ஒரே ஒரு தடவை என் ஸ்கோப்புல பாருங்க. நான் உக்காருறேன்."

அவள் ஸ்கோப்பை வாங்கி அவள் கண்ணுக்குள் கீற்றை அடித்தேன். செம்பு வெளிச்சம் மங்கலாக இருந்தது. நடுவில் ஓட்டை. ஓட்டையைச் சுற்றிக் கொஞ்சம் தெரிந்தது. அது அசைகிறதா என்று பார்க்கக் கிட்டே போனேன். இன்னும் கொஞ்சம் கிட்டே. அசைவு நின்றது. அப்படியே இருங்கள் என்று பானு குனிந்து பார்த்தாள். நூல் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது.

டேப்பை எடுத்து அளந்தாள். முப்பத்துமூன்று சென்டிமீட்டர். சரியான தூரத்தில் பாதி.   கை நீளத் தூரத்துக்குக் கழிக்க வேண்டியது ஒன்றரை. பாதித் தூரத்துக்கு மூன்று. நான் பாதித் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு ஒன்றரையே கழித்துக்கொண்டிருந்திருக்கிறேன். எழுதின ஒவ்வொரு பவரிலும் மைனஸ் ஒன்றரை குறைவு.

"எத்தன நாளா அக்கா கிட்டப் போறீங்க?"

"இன்னைக்கு மட்டுந்தான். தலவலி" என்றேன். அவள் நூலைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள்.

செப்டம்பர் 20, வெள்ளி

ஊர் மொத்தத்துக்கும் பிளஸ் ஒன்றரை. அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு பவரும் இல்லை. உண்மையில் மைனஸ் ஒன்றரை இருந்த பிள்ளைகளுக்கு என் கணக்கில் பூஜ்யம் வந்திருக்கும். கண் நன்றாக இருக்கிறது, ஓடு என்று முதுகில் தட்டி அனுப்பியிருக்கிறேன்.

நெட்டைப் பெண்ணுக்கு மூன்றில்லை. நாலரை.

செப்டம்பர் 24, செவ்வாய்

டிராயரைத் திறந்து அட்டையை எடுத்தேன். இடது கண்ணை மூடி நடுப்புள்ளியைப் பார்த்தேன். புள்ளியே இல்லை. சுற்றியிருந்த கட்டங்கள் எல்லாம் அது இருக்க வேண்டிய இடத்தை நோக்கி வளைந்து இறங்கின. டைரிக் கோடுகளும் இப்படித்தான் இருந்தன. அச்சடித்தவனைத் திட்டியிருக்கிறேன், பாவம்.

டாக்டர் மங்களேஸ்வரியிடம் போய் உட்கார்ந்தேன். ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்.

"எப்பருந்து அமலோற்பவம்?"

"ரெண்டு வாரமா மேடம்."

"ஸ்கேன் அப்படிச் சொல்லலையே. இது காஞ்ச தழும்பு. நாலஞ்சு மாசம் இருக்கும். ஜூன்ல வந்திருந்தா ஊசி போட்டு நிறுத்தியிருக்கலாம். பக்கத்து அறையில இருந்துக்கிட்டு எப்படிம்மா விட்டீங்க? நீங்களே?"

நான் எப்படி விட்டேன். இடது கண் ஏற்கெனவே ஒப்புக்குத்தான். வலதும் போகிறது என்று யாரிடமாவது சொன்னால் மறுநாள் ஸ்கோப்பை வாங்கி வைத்துவிடுவார்கள். ஸ்கோப்பை வாங்கிவிட்டால் நான் யார்? நிஜமாகவே எனக்குத் தெரியவில்லை. இதற்குப் பயந்து கண்ணைக் கொடுத்துவிட்டேன். அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து ரிஜிஸ்ட்ரேஷனில் உட்காரச் சொல்லியிருக்கிறார். நடுப்பார்வை திரும்பாது, ஓரப்பார்வை இருக்கும், நடமாட்டத்துக்குத் தொந்தரவில்லை என்றார். எத்தனை பேருக்கு நான் சொன்ன ஆறுதல் இது.

பிள்ளைகளைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. ஒரே நாளில் எத்தனையைத்தான் சொல்வது.

இவரிடம் சொன்னேன். நியூஸ் பார்த்துக்கொண்டிருந்தவர் டி.வி.யை அணைத்தார். "எனக்குத் தெரியும் புள்ள. கல்லு பொறுக்குறப்பவே தெரியும். நீயா சொல்லுவேன்னு இருந்தேன்" என்றார். எல்லாருமாகக் காத்திருந்திருக்கிறோம். அடுப்படிக்குள் போய் அழுதேன்.

செப்டம்பர் 26, வியாழன்

பானுவிடம் சொன்னேன். ஜூலையிலிருந்து என்றேன். அதுகூட முழு உண்மை இல்லை. அவள் கோபப்பட்டிருக்கலாம், அறிவிருக்கிறதா என்று கேட்டிருக்கலாம். "பிள்ளைங்கள மறுபடி பாத்துரலாம் அக்கா" என்று மட்டும் சொன்னாள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இலவச மறுபரிசோதனை என்று பள்ளிக்குக் கடிதம் போடுவோம், யாருக்கும் காரணம் தெரிய வேண்டாம். இந்த யோசனை என்னுடையது.

அக்டோபர் 15, செவ்வாய்

காலாண்டு லீவு முடிந்து பள்ளி திறந்ததும் போனோம். பானு நூலைக் கட்டிக்கொண்டு நூற்று அறுபது பேரையும் பார்த்தாள். நான் பெயர் எழுதினேன், அதையும் மார்க்கரில் பெரிது பெரிதாக. ஐம்பத்தெட்டுப் பேருக்குக் கண்ணாடி. லென்ஸை மாற்றிப் போட்டதும் ஒரு குட்டிப் பயல் ஜன்னல் வழியாக மரத்தைப் பார்த்துவிட்டு, இலை தனித்தனியாக இருக்கிறது என்று கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். நான் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டேன்.

வராதவர்கள் இரண்டு பேர். ஒரு பிள்ளையின் குடும்பம் திருப்பூர் போய்விட்டது. இன்னொன்று பவதாரணி.

கணக்கு டீச்சர் சொன்னார். "காலாண்டுல அஞ்சு பாடமும் போச்சு மேடம். லீவு முடிஞ்சு வரல. வீட்டுக்குப் போய்க் கேட்டேன். படிக்க வலிக்கிதுன்னு கண்ணு தெரியலன்னு நடிச்சா, ஆஸ்பத்திரியிலயே எழுதிக் குடுத்துட்டாங்க, இனி பூப் பறிக்கட்டும்னுட்டார் அவங்கப்பா. அவ அப்படிப்பட்ட பொண்ணு இல்லன்னேன். டாக்டரம்மாவ விட உங்களுக்குத் தெரியுமான்னு கேட்டார். நான் என்ன சொல்றது?"

பானு என்னைப் பார்த்தாள். நான் மார்க்கருக்கு மூடி தேடினேன்.

அக்டோபர் 18, வெள்ளி

மைனஸ் நாலரையில் ஒரு ஜோடி கண்ணாடி செய்ய வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று பானுவிடம் சொன்னேன். "நானும் வர்றேன் அக்கா" என்றாள். வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்றேன் என்று இங்கே எழுத மாட்டேன்.

மற்ற ஐம்பத்தெட்டுப் பேருக்கும் கண்ணாடியை மாற்றிக் கொடுத்தால் போதும், கதை முடிந்தது. இந்த ஒருத்திக்கு மட்டும் கண்ணாடி போதாது. அவள் பொய் சொல்லவில்லை என்று அவள் அப்பாவிடம் ஒருவர் சொல்ல வேண்டும். அதைச் சொல்லக்கூடியவள் உலகத்தில் நான் ஒருத்திதான். சொன்னால் அவள் பள்ளிக்கூடம் போவாள்.

அக்டோபர் 20, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. ஏழரை பஸ்ஸில் இவர் ஏற்றிவிட்டார், நம்பரை அவரே பார்த்தார். பஸ்ஸில் உட்கார்ந்து சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். தப்பு என்னோடது. உங்க பொண்ணு பொய் சொல்லல. தப்பு என்னோடது. உங்க பொண்ணு பொய் சொல்லல. பத்துப் பதினைந்து தடவை. பக்கத்தில் இருந்த அம்மாள் ஜெபம் என்று நினைத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள்.

தோட்டத்து வீடு. பறிப்பு முடிந்து சாக்கில் மொட்டைக் கொட்டி வைத்திருந்தார்கள். வீரமலை, அவர் மனைவி, பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் இரண்டு பேர், பூ எடுக்க வந்த வண்டிக்காரர். எல்லாரும் எழுந்து நின்றார்கள். "டாக்டரம்மா, நீங்க எதுக்கு இம்புட்டுத் தூரம்?" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார் வீரமலை. காபி வந்தது. டம்ளரை நான் ஒரு விரற்கடை தள்ளிப் பிடித்ததை யாரும் கவனிக்கவில்லை.

பவதாரணி வந்து நின்றாள். கண்ணாடியை நீட்டினேன். போட்டாள். அப்படியே நின்றாள். பிறகு மெல்லத் தலையைத் திருப்பி, வயலுக்கு அந்தப் பக்கம் எங்கோ பார்த்தாள். எனக்கு அங்கே வெளிச்சத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

"தண்ணி டேங்குல எழுதியிருக்கு" என்றாள். "ஊராட்சி ஒன்றியம். கீழ வருஷம் போட்டிருக்கு." வண்டிக்காரர் திரும்பிப் பார்த்து, ஆமாம் என்றார். அவள் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பவதாரணி டேங்கைப் படித்தாள், தார் ரோட்டில் போன லாரியின் பின்னால் எழுதியிருந்ததைப் படித்தாள், எதிர்த் தோட்டத்தில் நின்ற மாட்டின் கொம்புக்கு என்ன நிறம் என்று சொன்னாள். நிறுத்தவே இல்லை. பதின்மூன்று வயதில் முதல் தடவையாக எட்டத்தில் உள்ளதைப் பார்க்கிறாள்.

பிறகு என்னிடம் வந்தாள். "மிஸ், அப்பாகிட்டச் சொல்லுங்க மிஸ்."

வேறொன்றும் கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கிறது நான் எதற்கு வந்தேன் என்று.

வீரமலையும் என்னைப் பார்த்தார். நல்ல மனிதர்தான். முகத்தில் ஒரு குழப்பம் இருந்ததாகத் தோன்றியது, குரலை வைத்துச் சொல்கிறேன். "அப்ப ஆடி மாசம் வந்தப்ப இவ சொன்னது…" என்று இழுத்தார். எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். ஐந்து பேர். டாக்டரம்மா என்று எழுந்து நின்றவர்கள்.

வாயைத் திறந்தேன்.

"இந்த வயசுல பவர் சீக்கிரமா ஏறும்" என்றேன். "அப்ப மூணுதான் இருந்துச்சு. இப்ப நாலரை ஆயிருச்சு."

என் குரல் நிதானமாக இருந்தது. இருபத்துநாலு வருஷப் பழக்கம்.

"அதானே பாத்தேன்" என்றார் வீரமலை. நிம்மதியாக மூச்சு விட்டார். அவர் அன்றைக்குச் செய்தது தப்பில்லை என்று ஆகிவிட்டது அல்லவா.

"அப்பவும் இப்படித்தான் மிஸ் மங்கலா இருந்துச்சு" என்றாள் அவள். சத்தம் போடவில்லை. எனக்கு நினைவூட்டுகிறவள்போல் மெதுவாகச் சொன்னாள்.

"பேசாம இரு. வீடு தேடிக் கண்ணாடி கொண்டாந்திருக்காங்க, அவுங்கள எதுத்துப் பேசுற. வெறுங் கண்ணாடியில தெரியுதுன்னு சொன்னவதான நீ?"

அவள் என்னைப் பார்த்தாள். அதற்குப் பதில் என்னிடம் இருந்தது: கண்ணைச் சுருக்கினால் யாருக்கும் இரண்டு வரி கூடத் தெரியும். நான் காபியைக் குடித்தேன்.

பள்ளிக்கூடம் அனுப்புங்கள் என்று சொன்னேன், அதைச் சொன்னேன். "பாப்போம்மா. ஒரு தடவ ஏமாத்துனவ. இந்த வருஷம் போகட்டும்" என்றார். கிளம்பும்போது ஒரு பை நிறைய மல்லி கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன்.

பஸ் ஸ்டாப் தோட்டத்துக்கு நேர் எதிரே. முக்கால் மணி நேரம் நின்றேன். அவள் கிணற்று மேட்டில் ஏறி நின்றுகொண்டிருந்தாள். நெட்டையாக ஒரு உருவம், அதற்கு மேலே என் கண்ணின் கறை. என்னைத்தான் பார்க்கிறாளா என்று எனக்குத் தெரியாது. பார்த்திருந்தால் என் முகம் அவளுக்கு நன்றாகவே தெரிந்திருக்கும். நாலரை சரியான பவர்.